தானாக ஓடி ஓடி நின்ற பிரஷர் வாஷர்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வீட்டு மெஷின்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஏழெட்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். பேசியது மகள். பிரஷர் வாஷரை, அதாவது தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் மெஷினை, ஓட்டுபவர் அவருடைய அப்பா, ஓய்வுபெற்றவர். "ட்ரிகரை விட்ட பிறகும் மோட்டார் தானா ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. அப்பா புதுசு வாங்கிடலாம்னு சொல்றார். நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னா அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

மெஷினுக்கு மூன்று வயது. கார், மொட்டை மாடிப் பாசி, முற்றத்துச் சிமெண்டுத் தரை ஆகியவற்றைக் கழுவ மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஓடும். லேபிளில் 1700 வாட், 110 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 6.5 லிட்டர் என்று இருந்தது. தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டியை நிரப்புவது ஆழ்துளைக் கிணறு. உப்புத் தண்ணீர்தான், குழாய் வாயைச் சுற்றி வெள்ளைப் படிவு நன்றாகவே தெரிந்தது.

முதல் இரண்டரை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு குடும்பம் ஐந்து மாதம் வெளியூரில் இருந்தது. போவதற்கு முதல் நாள் காரைக் கழுவிவிட்டு, ஹோஸைக் கூடக் கழற்றாமல், பம்புக்குள் தண்ணீரோடு மெஷினை அப்படியே மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஒரு வரியை அன்றைக்கு நான் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் அதுதான்.

## முதல் நாள் பார்த்தது

மெஷினை ஓட்டச் சொன்னேன். மூன்று குறைகள் தெரிந்தன. ஒன்று, பீய்ச்சும் தண்ணீர் சீராக இல்லை. துடித்துத் துடித்து வந்தது. இரண்டு, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் ட்ரிகரை விட்டதும் மோட்டார் நின்றது, ஆனால் 9 விநாடியில் ஒரு நொடி ஓடி மறுபடி நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே 9 விநாடி, திரும்பத் திரும்ப. மூன்று, மெஷினின் அடியில் சொட்டு விழுந்து தரை நனைந்திருந்தது.

பெரியவர் தீர்மானமாக இருந்தார். "பம்பு போயிடுச்சு தம்பி. இதைத் திறந்து என்ன ஆகப்போகுது?"

பம்பில் கோளாறு இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் துடிப்பு என்பது பம்பு எழுப்பும் சத்தமே தவிர, அதன் காரணம் பம்புக்கு வெளியேயும் இருக்கலாம். இந்த மாதிரிச் சின்ன பம்புக்குள் மூன்று பிளஞ்சர்கள் (முன்னும் பின்னும் போய்வரும் உருளைத் தண்டுகள்) இருக்கும். சாய்ந்த தட்டு ஒன்று சுழன்று அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும். ஒவ்வொரு பிளஞ்சருக்கும் தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு, ஆக ஆறு வால்வுகள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று பம்பு கணக்காக இழுக்கும். குழாய் அந்த அளவைக் கொடுக்காவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தண்ணீரில் குமிழிகள் பிறக்கும். அழுத்தம் ஏறும்போது அவை உடைந்து உலோகத்தைப் பொடிப்பொடியாக அரிக்கும். ஆக, பசியோடு ஓடும் நல்ல பம்பும் துடிக்கும், வால்வு கெட்ட பம்பும் துடிக்கும். காதுக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் திறப்பதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தேன்.

## திறக்கும் முன் அளந்தது

முதலில் குழாய். மெஷினுக்கு வரும் ஹோஸைக் கழற்றி 10 லிட்டர் வாளியில் விட்டேன். நிரம்ப 2 நிமிடம் 5 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 4.8 லிட்டர். மெஷின் கேட்பதோ 6.5. தொட்டி குழாயை விட 4 மீட்டர்தான் உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்ற கணக்கில் 0.4 பார் அழுத்தம்தான் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தையும் 20 மீட்டர் நீள அரை அங்குல ஹோஸ் தின்றுகொண்டிருந்தது. போதாததற்கு இணைப்பானுக்குள் உப்பு படிந்து துளை பாதியாகியிருந்தது.

என்னிடம் இருந்த முக்கால் அங்குல ஹோஸை 8 மீட்டருக்குப் போட்டேன். அதே வாளி 50 விநாடியில் நிரம்பியது, நிமிடத்துக்கு 12 லிட்டர். அடுத்து பம்புக்கும் பிரஷர் ஹோஸுக்கும் நடுவில் அழுத்தமானியை மாட்டினேன். பழைய ஹோஸில் முள் 40-க்கும் 70-க்கும் நடுவே ஆடியது. புது ஹோஸில் 65-இல் நின்றது, லேசான நடுக்கத்தோடு. ஆக, துடிப்பில் பெரும்பகுதி தண்ணீர்ப் பஞ்சம். ஆனால் 110 வர வேண்டிய இடத்தில் 65.

அடுத்தது நாசில், தண்ணீர் பீய்ச்சி வெளிவரும் முனை. கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். துளை வட்டமாக இல்லை. விசாரித்ததில், அழுத்தம் குறைந்த நாளில் அடைப்பு என்று நினைத்து இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ததாகப் பெரியவர் சொன்னார். இந்த அளவு மெஷினுக்கு நாசில் துளை ஏறக்குறைய 1 மி.மீ. அது 1.1 மி.மீ. ஆனாலே, அதே அளவு தண்ணீருக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். துளையின் விட்டம் நான்காம் அடுக்கில் கணக்கில் வருவதே காரணம். கண்ணுக்குத் தெரியாத பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம்தான் 110-ஐ 75 ஆக்குகிறது. நாசிலோடு வரும் மெல்லிய ஊசியை மெதுவாக விட்டு, பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். கடினமான கம்பி உள்ளே போகவே கூடாது. புது நாசில் போட்டதும் முள் 95-க்கு ஏறியது.

மூன்றாவது, 9 விநாடிப் பிரச்சினை. ட்ரிகரை விட்டதும் பம்பின் வெளிவாயிலில் இருக்கும் ஒருவழி வால்வுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே அழுத்தம் அடைபடும். அந்த அழுத்தம் ஒரு சின்ன ஊசித் தண்டைத் தள்ளி, சுவிட்சை அமுக்கி மோட்டாரை நிறுத்தி வைக்கும். அடைபட்ட அழுத்தம் எங்காவது கசிந்தால் தண்டு பின்வாங்கும், மோட்டார் ஓடும். கசிவு வெளியேயும் இருக்கலாம், உள்ளேயும் இருக்கலாம். துப்பாக்கியின் மூட்டுகளில் காகிதம் வைத்துப் பார்த்தேன், நனையவில்லை. என் துப்பாக்கியையும் ஹோஸையும் மாட்டினேன். அதே 9 விநாடி. சரி, கசிவு பம்புக்குள்தான்.

## ஹோஸில் இருந்த வீக்கம்

இந்தச் சோதனைக்கு நடுவில் நடந்த ஒன்றை விட்டுவிட மனமில்லை. அவர்களுடைய பிரஷர் ஹோஸில், துப்பாக்கியை ஒட்டிய இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கப் போனார். "ஐயா, கையை எடுங்க" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார்.

உடனே மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, உட்கார்ந்து விளக்கினேன். 110 பார் அழுத்தத்தில் நாசிலை விட்டு வரும் தண்ணீரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஹோஸில் ஊசித்துளை விழுந்தாலும் அதிலிருந்து வருவது அதே மாதிரி ஒரு பீய்ச்சல்தான். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிவந்த ஒரு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலி கூடப் பெரிதாக இருக்காது. ஆனால் தண்ணீரும் அழுக்கும் கிருமியும் விரலின் உள்திசு வழியே வெகுதூரம் பரவியிருக்கும். அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. புள்ளி சின்னதாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன மெஷின், எவ்வளவு அழுத்தம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கசிவைத் தேட வேண்டுமானால் அட்டைத் துண்டு ஒன்றைத் தள்ளி நின்று நீட்டிப் பார்க்கலாம். விரலைக் கொண்டு போகவே கூடாது.

அந்த ஹோஸை அன்றைக்கே வெட்டிப் போட்டோம். வெட்டாமல் ஒதுக்கி வைத்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

## பம்பைத் திறந்தபோது

மின்சாரத்தைப் பிடுங்கி, குழாயை மூடி, ட்ரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றினேன். மோட்டாரில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் முறைப்படி அதன் சார்ஜை இறக்கிவிட்டுத்தான் உறையைக் கழற்றினேன்.

பம்பின் தலைப்பகுதியைத் திறந்ததும் ஆறு வால்வுகளிலும் வெள்ளைப் படிவு. வெளிவாயில் ஒருவழி வால்வின் இருக்கையில், அதாவது வால்வு வந்து உட்கார்ந்து மூடும் இடத்தில், ஒரு மணல் துகள் சிக்கியிருந்தது. அந்த 9 விநாடிக்குக் காரணம் அந்த ஒற்றைத் துகள். உள்வால்வு ஒன்றின் ஸ்பிரிங் படிவில் ஒட்டி அரைகுறையாக மூடிக்கொண்டிருந்தது. ஒரு பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையமான வாட்டர் சீலின் உதடு கிழிந்திருந்தது. அந்தப் பிளஞ்சரின் மேல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய ஒரு கீறலும் இருந்தது. பம்பின் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தது. கிழிந்த சீலைத் தாண்டிய தண்ணீர், எண்ணெயைத் தடுத்து வைக்கும் ஆயில் சீலையும் கடந்து எண்ணெயில் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

எனக்குப் புரியாதது அந்த மணல்தான். உள்வாயிலில் ஃபில்டர் இருக்க, மணல் எப்படிப் பம்புக்குள் வந்தது? அப்போதுதான் உள்வாயில் அடாப்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஃபில்டரே இல்லை.

பெரியவரிடம் கேட்டேன். ஊரிலிருந்து திரும்பி வந்து மெஷினை ஓட்டியபோது அது தண்ணீரை இழுக்கவில்லையாம். தெரிந்தவர் ஒருவர், "ஃபில்டர் அடைச்சிருக்கும், அதைக் கழட்டிட்டு ஓட்டுங்க" என்றாராம். கழற்றியதும் ஓடியிருக்கிறது. அதோடு ஃபில்டர் எங்கேயோ போய்விட்டது.

இப்போது நடந்தது முழுவதும் வரிசையாக விளங்கியது. ஐந்து மாதம் உள்ளே நின்ற உப்புத் தண்ணீர் காய்ந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டன. ஃபில்டரிலும் படிவு ஏறி அடைத்தது. அதைக் கழுவி மாட்டாமல் எடுத்துவிட்டதால் தொட்டியின் அடியில் தங்கியிருந்த மணல் நேராகப் பம்புக்குள் போனது. மணல் சீலைக் கிழித்தது, பிளஞ்சரைக் கீறியது, கடைசியில் வால்வில் போய் உட்கார்ந்தது. அழுத்தம் குறைந்ததும் நாசிலில் கம்பி. கழுவ இரண்டு நிமிடம் ஆகும் ஒரு சல்லடையில் ஆரம்பித்தது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

## எடுத்த முடிவுகள்

முழுப் பம்பை மாற்றுவதா, சீல்களை மட்டும் மாற்றுவதா என்று மூவரும் உட்கார்ந்து பேசினோம். தலைப்பகுதியில் விரிசல் இல்லை, சாய்தட்டின் பேரிங் சத்தமின்றிச் சுழன்றது, மோட்டார் நன்றாக இருந்தது. கெட்டவை எல்லாம் தேய்மானப் பொருட்கள். அதனால் மூன்று வாட்டர் சீல்கள், மூன்று ஆயில் சீல்கள், ஆறு வால்வுகள், மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகள் ஆகியவற்றை மாற்றுவது என்று முடிவானது. ஒரு சீல் மட்டும்தானே கிழிந்திருக்கிறது என்று மகள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மற்ற இரண்டும் அதே மணலில் ஓடியவை. இன்னொரு முறை இவ்வளவையும் கழற்றுவதை விட மூன்றையும் இப்போதே மாற்றுவது மேல்.

கீறல் விழுந்த பிளஞ்சர் தனியாகக் கிடைக்கவில்லை. மிக மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்காமல் வட்டமாக மெருகேற்றி அதையே மாட்டினேன். நீளக்கோடு விழுந்தால் தண்ணீருக்கு அதுவே வாய்க்கால். "இதில் லேசாகச் சொட்டலாம், பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

படிவை நீக்க நீர்த்த சிட்ரிக் அமிலம். பித்தளை இருக்கைகளை மட்டும் இருபது நிமிடம் ஊறவைத்தேன். அலுமினியத் தலையை அமிலத்தில் போடவில்லை. அலுமினியத்தை அது அரிக்கும் என்பதால் மெல்லிய பிரஷ்ஷும் வெந்நீரும்தான். துப்பாக்கியின் ஓ ரிங்கில் வண்டிக்குப் போடும் கிரீஸ் தடவியிருந்தார்கள், ரிங் உப்பிப் போயிருந்தது. சில ரப்பர்களுக்கு பெட்ரோலிய கிரீஸ் ஆகாது. எந்த ரப்பர் என்று தெரியாதபோது சிலிகோன் கிரீஸ் போடுவது பாதுகாப்பு.

புது ஃபில்டரும் புதுப் பிரஷர் ஹோஸும் மாட்டி, எண்ணெய் ஊற்றி ஓட்டியபோது முள் 108-இல் நின்றது. ட்ரிகரை விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். மோட்டார் ஒருமுறை கூட அசையவில்லை. பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடமும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

## மூன்று வாரம் கழித்து

மகள் ஒரு படம் அனுப்பினார். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் மறுபடியும் வெளுப்பு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீலைத் தப்பாகப் பொருத்திவிட்டேனோ என்று நினைத்து, மறுநாளே போய்ப் பம்பைத் திறந்தேன். சீல்கள் மூன்றும் ஒழுங்காக இருந்தன. தவறு வேறு இடத்தில், அதுவும் என்னுடையது. பழைய எண்ணெயை வடித்தபோது பேரிங்கிலும் மூலைகளிலும் ஒட்டியிருந்த தண்ணீர் கலந்த எண்ணெய் முழுதாகப் போகவில்லை. புது எண்ணெய் அதோடு கலந்து வெளுத்துவிட்டது. புது எண்ணெயை ஊற்றிக் கால் மணி நேரம் ஓட்டி, சூட்டோடு வடித்து, மறுபடி ஊற்றியிருக்க வேண்டும். அன்றைக்கு அப்படி இரண்டு தடவை செய்தேன். மூன்றாவது எண்ணெய் தெளிவாக நின்றது, இன்றுவரை தெளிவாகவே இருக்கிறது. அந்த வேலைக்கும் எண்ணெய்க்கும் நான் காசு வாங்கவில்லை.

## இப்போது அந்த வீட்டில் நடப்பது

பெரியவர் ஒரு அட்டையில் தன் கையெழுத்தில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். ஆரம்பிக்கும்போது: குழாயைத் திற, பிளக் போடாமலேயே ட்ரிகரை அழுத்திப் பிடி, காற்று வருவது நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். முடிக்கும்போது: சோப்பு போட்டிருந்தால் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு சுவிட்சை அணை, குழாயை மூடு, ட்ரிகரை அழுத்தி அழுத்தத்தை இறக்கு, ஹோஸைக் கழற்று, ஃபில்டரைக் கழுவு. கடைசியில் மெஷினை ஒரு சில விநாடி மட்டும் ஓட்டி உள்ளே நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார். அதற்கு மேல் வறட்சியாக ஓடினால் சீல் கருகும் என்பது அவருக்குத் தெரியும். பிளீச் கலந்த எதையும் பம்பு வழியாக விடுவதில்லை.

நான் சொல்லாமலேயே அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாளிச் சோதனையை மாதம் ஒருமுறை தானே செய்து, எத்தனை விநாடி என்று அட்டையின் ஓரத்தில் குறித்து வைக்கிறார். நான்காவது மாதம் 50 விநாடி 64 ஆனது. இணைப்பானைக் கழற்றிப் பார்த்து, அதில் ஏறியிருந்த உப்பை அவரே நீக்கிவிட்டார். பம்பு துடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே பிடித்துவிட்டார்.

உபயோகம் இல்லாத மாதத்திலும் இரண்டு நிமிடம் தண்ணீரோடு ஓட்டுகிறார்கள், வால்வு ஒட்டாமலும் சீல் காயாமலும் இருக்க. நீண்ட நாள் போவதாக இருந்தால் பம்பில் உப்பில்லாத தண்ணீரை ஓட்டி அலசி, அதையும் வெளியேற்றிவிட்டு, பம்புப் பாதுகாப்புத் திரவம் ஏற்றுவது என்று பேசியிருக்கிறோம். (தண்ணீர் உறையும் குளிர் உள்ள இடங்களில் இது இன்னும் முக்கியம். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பம்பின் தலையை வெடிக்க வைக்க அது போதும்.)

## அடுத்த முறை நான் மாற்றிக்கொள்வது

முதல் நிமிடத்திலேயே உள்வாயில் அடாப்டரைக் கழற்றி ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஹோஸ் மாட்டியே இருந்ததால் பார்க்காமல் விட்டேன். பார்த்திருந்தால் "மணல் போயிருக்கிறது" என்பது ஓட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும், அந்த நிலையில் பம்பை ஒரு மணி நேரம் சோதனைக்காக ஓட்டியிருக்க மாட்டேன். அந்த ஒரு மணி நேரமும் மணல் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பிளஞ்சர் கீறலில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

ஹோஸையும் ஓட்டும் முன்பே முழு நீளத்துக்குக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் வெளுத்திருந்தால் குறைந்தது இரண்டு முறை அலசி மாற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். "கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதற்கும் இன்றைக்கும் நடுவில் என்னென்ன கழற்றினீர்கள், யார் என்ன சொன்னார்கள்" என்பதைக் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே கேட்கிறேன். கோபப்படாமல் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பெரியவரும் மறைக்க நினைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் போயிருந்தேன். அழுத்தம் 105. மெருகேற்றி மாட்டிய பிளஞ்சரின் கீழே, ஓடும்போது நிமிடத்துக்கு 2 சொட்டு விழுகிறது. சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் 3 சொட்டு வரை சாதாரணம் என்கின்றன. பெரியவர் அதையும் அட்டையில் எழுதி வருகிறார். மூன்றைத் தாண்டினால் அந்தப் பிளஞ்சரை எப்படியாவது தேடிப் பிடித்து, சீலோடு சேர்த்து மாற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.